ஏக்கத்துக்கு நாலு சாட்சி

1.

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிப்பதைவிட இது மரியாதை.

மூன்றாவது மாடியில் என் சமையலறைக்கும் பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். கட்டியவர் சிக்கனம் பார்த்தார், பலன் எனக்கு. அந்த வீட்டில் டீ பொங்கி வழிந்தால் என் கை தானாக என் அடுப்பை அணைக்கும். இதை ஒட்டுக்கேட்பது என்று சிலர் சொல்லக்கூடும். நான் காதை எதிலும் ஒட்டுவதில்லை. அலமாரியில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். ஒன்பது வருடமாக அடுக்குகிறேன்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அவள் ஜன்னலோரம் நின்று, ஏக்கம் ததும்பும் விழிகளால் வானத்தை—"

வேண்டாம். அவள் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அதை யாரும் ததும்பிக்கொண்டு பார்க்க முடியாது.

பிறகு இப்படி:

"அன்று காலையிலிருந்தே மழை—"

மழை பெய்யவில்லை. கதை என்றால் மழை பெய்ய வேண்டும் என்று எனக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. மன்னிக்கவும்.

நடந்ததையே எழுதிவிடுகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஒரு பெண்ணின் மேசைக்கு ஒரு வினைச்சொல் வந்து சேர்ந்தது. அந்தச் சொல் 'ஏங்கு'.

2.

அந்தப் பெண்ணுக்கு எங்கள் கட்டடத்தில் வாக்கியக்காரி என்று பெயர். அவள் வேலை பார்ப்பது ஒரு அகராதி அலுவலகத்தில். வெளியிலிருந்து வந்து நம் மொழியைக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக, தினமும் வாயில் புழங்கும் சொற்களை மட்டும் சேர்த்து ஒரு அகராதி போடுகிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வேண்டும்.

இதில் என்ன கஷ்டம், உட்கார்ந்து எழுதிவிட வேண்டியதுதானே என்று நானும் கேட்டேன். எழுதக் கூடாதாம். அந்த அலுவலகத்தில் யாரும் வாக்கியம் எழுதுவதில்லை. கேட்க வேண்டும். யாராவது ஒருவர், நிஜ வாழ்க்கையில், தன் பாட்டுக்குச் சொன்ன வாக்கியமாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, 'கேட்புச் சீட்டு' என்று. வாக்கியம், சொன்னவர், சொன்ன இடம், யாரிடம், கேட்ட சாட்சி என்று வரிசையாகக் கட்டங்கள். வீட்டில் உள்ளவர்கள் பேசியது செல்லும், ஆனால் சாட்சி வெளியாளாக இருக்க வேண்டும். மிக முக்கியமாக, கேட்டு வாங்கியது செல்லாது. "அண்ணே, இந்தச் சொல்லை வெச்சு ஒண்ணு சொல்லுங்களேன்" என்று நீங்கள் வாயைத் திறந்த அந்த நொடியே சீட்டு செத்துப்போகும்.

நாலு சீட்டு சேரவில்லை என்றால் சொல் 'கிடங்கு' என்ற இரும்பு அலமாரிக்குப் போகும். பூட்டு உண்டு. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது.

'உட்கார்', 'சாப்பிடு', 'தேடு' எல்லாம் ஒரு பஸ் பயணத்துக்குள் நான்கு சீட்டு சேர்ந்துவிடும். 'ஏங்கு' அப்படியா? இதைப் பாட்டில் கேட்கலாம், கடிதத்தில் படிக்கலாம். பால் வாங்கப் போகிற இடத்தில் யார் சொல்கிறார்கள்?

குழந்தைகளைப் பற்றிச் சொல்வார்களே, 'அம்மாவைக் காணாம ஏங்கிடும்' என்று, அது இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அலுவலகத் தலைவர் அதை முதலிலேயே அடைத்துவிட்டார்: 'குழந்தைகள் எல்லாவற்றுக்கும் ஏங்கும். அது சாட்சியம் ஆகாது.'

(தலைவரை இனி முத்திரை என்று அழைப்போம். அவர் கையில் எப்போதும் இரண்டு முத்திரைகள் இருக்கும்: 'ஏற்கப்பட்டது', 'செயற்கை'. முதலாவதில் மை காய்ந்து பல மாதம் ஆகிறது என்று கேள்வி.)

3.

"கிடங்குல போட்டுட்டு அடுத்த சொல்லைப் பாரேன்" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள். அவள் போடவில்லை. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வரை அவகாசம் கேட்டு எழுதிக்கொடுத்தாள்.

ஏன் சனிக்கிழமை என்றால், அன்று காலை ஒன்பதரை பஸ்ஸுக்கு அவள் கணவர் ஊரை விட்டுப் போகிறார். இரண்டு வருடத்துக்கு.

கணவர் லிஃப்ட்காரர். லிஃப்ட் மாட்டுவது, பழுது பார்ப்பது. தூரத்து நகரம் ஒன்றில் நாற்பது மாடி எழும்புகிறதாம், அதற்குப் பன்னிரண்டு லிஃப்ட். நல்ல வாய்ப்பு. போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பிரச்சினை வேறு.

இங்கே ஓர் ஒப்புதல். இந்த ஆள்மேல் எழுத்தாளராக எனக்கு நம்பிக்கையே இல்லை. முதல் வரைவில் அவருக்கு அரைப்பக்கம் வசனம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது சுவரே சிரித்தது. ஒன்பது வருடத்தில் அந்த மனிதர் வீட்டில் பேசி நான் கேட்டதெல்லாம் பொருள்களின் பெயர்கள்தான். "சாவி." "துண்டு." "டீ." ரொம்ப உணர்ச்சிவசப்பட்டால், "டீ, சூடு."

ஆனால் லிஃப்டிடம் பேசுவார். எங்கள் கட்டடத்து லிஃப்ட் கிழடு, மாதம் ஒருமுறை முரண்டு பிடிக்கும். அவர் உள்ளே போய் மூடியைக் கழற்றிவிட்டுப் பேசுவதைப் படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறேன். "என்னடா கண்ணு, எங்க இழுக்குது? இங்கயா? பயப்படாத. நான் இருக்கேன்ல. மெதுவா வா... அப்படித்தான்... என் தங்கம்."

கேட்டது நான் மட்டுமில்லை. எனக்கு இரண்டு படி மேலே, காய்கறிப் பையோடு வாக்கியக்காரி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு கட்டு கேட்புச் சீட்டோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, நீங்க சாட்சியா இருக்கணும்."

"நானா? நான் உண்டு, என் வேலை உண்டுன்னு இருக்கறவ."

"டப்பா அடுக்குற சத்தம் எங்களுக்கும் கேக்கும்க்கா."

இதற்குமேல் என்ன சொல்வது? பேனாவை எடுத்தேன்.

"நான் ஒண்ணும் பெருசா கேக்கலக்கா. அவர் போறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவ, அந்த ஆளு வாயால அந்த வார்த்தை வரணும். மூணு சீட்டு எங்கயாவது புடிச்சிருவேன். நாலாவது அவருதுதான். கேட்டு வாங்கக் கூடாது. கேட்டு வாங்கினா ஆபீஸ்லயும் செல்லாது, எனக்கும் செல்லாது."

4.

செய்தி கட்டடத்தில் பரவிவிட்டது. (யார் பரப்பினார்கள் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத விவரம்.) அச்சில் வரும், பேச்சு நிரந்தரமாக நிற்கும் என்று தெரிந்ததும் மொத்தக் கட்டடமும் ஏங்க ஆரம்பித்தது.

வாட்ச்மேன் அவளைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து, நெஞ்சில் கை வைத்து, "தண்ணி லாரி எப்ப வரும்னு ஏங்கிக்கிட்டிருக்கேம்மா" என்றார். லாரி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

குழாய் ரிப்பேர்க்காரர் குழாயைக் காட்டி, "இது வாஷருக்கு ஏங்குது" என்றார். வாஷரை மாற்றிய பிறகும் சொன்னார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு படி மேலே போய்ப் படிக்கட்டில் அறிவிப்பே ஒட்டிவிட்டார்: 'வாசலில் செருப்பு விடாதீர். சுத்தமான படிக்கட்டுக்கு அனைவரும் ஏங்குகிறோம்.'

செவ்வாயன்று பதினேழு சீட்டு போனது. பதினேழும் 'செயற்கை' முத்திரையோடு திரும்பி வந்தது. வாட்ச்மேன் சீட்டில்: 'இவர் காத்திருக்கிறார். ஏங்கவில்லை.' செயலாளர் சீட்டில்: 'இது சுவர் பேசியது. சுவர் கையெழுத்திடுமா?' *

* சுவர் பேசும் என்பதற்கு நான் சாட்சி. ஆனால் என்னைக் கேட்கவில்லை.

முதல் நல்ல சீட்டு புதன்கிழமை காலை, பல் டாக்டரிடம் கிடைத்தது. அவளுக்குக் கடைவாயில் சொத்தை, துணைக்கு நான் போயிருந்தேன். டாக்டர் அவள் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, வழக்கம்போலப் பேசிக்கொண்டே வேலை பார்த்தார். தன் மச்சான் வாங்கிய கார், அந்தக் கார் இடித்த மரம், மரத்துக்குச் சொந்தக்காரர். திடீரென்று கையை நிறுத்தினார்.

"இருபது வருஷமா பேசிட்டே இருக்கேன். ஒருத்தர் பதில் சொன்னதில்ல. யாராவது ஒருத்தர் நடுவுல 'அப்புறம்?'னு கேக்க மாட்டாங்களான்னு ஏங்கிப்போயிட்டேன்."

நாற்காலியில் வாக்கியக்காரி துள்ளினாள். "ஆ! ஆ! ஆஆ!"

"வலிக்குதா?"

"வலி இல்ல டாக்டர்" என்றேன். "வாக்கியம்."

அவள் வாயைத் திறந்தபடியே சீட்டு எழுதினாள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். நன்றிக்கடனாக ஒரு வார்த்தை கேட்டேன்: "அப்புறம்?" தப்பு செய்துவிட்டேன். வெளியே வர அரைமணி நேரம் ஆனது.

5.

இரண்டாவது சீட்டு அவள் மாமியாருடையது. அன்று சாயங்காலமே.

மாமியாருக்கு முட்டி வலி, நாக்குக்கு மட்டும் ஒரு வலியும் கிடையாது. கூடத்தில் கட்டில்மேல் லிஃப்ட்காரரின் சூட்கேஸ் மூன்று நாளாகத் திறந்தே கிடந்தது. அதில் இரண்டு சட்டை, ஒரு ஸ்பேனர் செட். அதற்குமேல் எதுவும் வைக்க அவருக்குக் கையும் வரவில்லை, மூடவும் மனசு இல்லை. நான் சர்க்கரை கேட்கிற சாக்கில் வாசலில் நின்றிருந்தேன்.

மாமியார் சூட்கேஸையே பார்த்துக்கொண்டிருந்தவர், மகனிடம் சொன்னார்: "டேய், அந்தப் பொட்டிய ஒண்ணு மூடு, இல்ல எதையாவது உள்ள போடு. வாயத் தொறந்துக்கிட்டு எதுக்கோ ஏங்குது. எனக்குப் பாக்கவே சங்கடமா இருக்கு."

அடுப்படியிலிருந்து வாக்கியக்காரி கரண்டியோடு ஓடி வந்தாள். "அத்தை! அப்படியே நில்லுங்க! ஒரு எழுத்தும் மாத்தாதீங்க!"

"நான் எங்கடி நிக்கறேன், உக்காந்துல்ல இருக்கேன்" என்றார் மாமியார். விஷயம் தெரிந்ததும், "அகராதியில என் பேரு வருமா?" என்றார். வராது என்றதும், "பின்ன என்னத்துக்குப் பேசணும்" என்று முணுமுணுத்தபடி பெருவிரல் ரேகையைப் பதித்தார். எழுதத் தெரியாமல் இல்லை, அவருக்கு இஷ்டம் அப்படி.

லிஃப்ட்காரர் எழுந்தார். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்தோம். அவர் சூட்கேஸ் அருகே போனார். ஒரு துண்டை எடுத்து உள்ளே வைத்தார்.

"துண்டு" என்றார்.

6.

மூன்றாவது சீட்டைப் பற்றி அந்த அலுவலகத்தில் இன்றும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள்.

வியாழக்கிழமை மாதக் கூட்டம். முத்திரை மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் சோம்பேறிகள், அத்தனை சீட்டும் குப்பை, ஜனங்களை நடிக்க வைக்கிறீர்கள். "எட்டு மாசமா உக்காந்திருக்கேன்! சுத்தமான சீட்டு ஒண்ணே ஒண்ணு என் கண்ணுல படாதான்னு நான் எப்படி ஏங்கிட்டிருக்கேன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

கடைசி வரிசையில் ஒரு காகிதம் சரசரத்தது.

வாக்கியக்காரி எழுந்து, நடந்துபோய், சீட்டை அவர்முன் வைத்தாள். "சார், சொன்னவர் ஒப்பம்."

முத்திரைக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிறகு, புரியாமலே இருந்திருக்கலாம் என்று முகம் சொன்னது. "யாரு சாட்சி?" என்றார் கடைசி ஆயுதமாக.

பதினோரு கை உயர்ந்தது. *

ஒப்பமிட்டார். மனுஷனைப் பாராட்டத்தான் வேண்டும்: 'செயற்கை' முத்திரையை எடுத்து, பார்த்து, கீழே வைத்துவிட்டு, மற்றதைத் தேடி எடுத்தார். காய்ந்துபோன மையில் எச்சில் தொட்டுக் குத்தினார். அதற்கு முந்தைய நாள் கிடைத்த இரண்டு சீட்டுக்கும் சேர்த்து.

* இதற்கு நான் சாட்சியில்லை. அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி என் சித்தி மகள்.

7.

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் வரைவு "வெள்ளிக்கிழமை மதியம் நான் ஒரு தவறு—" என்று தொடங்கியது. இரண்டாவது வரைவு "தவறு என்று சொல்ல முடியுமா—" என்று. மூன்றாவதில் தவற்றைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்மேல் போட்டிருந்தேன்.

நான்தான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம்வரை நான்காவது சீட்டு வெறுமையாக இருந்தது. நான் வேலையை விட்டுவிட்டு அந்த மனிதர் பின்னாலேயே திரிந்தேன். கடைக்குப் போனார், போனேன். "ஸ்க்ரூ" என்றார். மொட்டை மாடிக்குப் போனார், போனேன். ஒன்றும் சொல்லவில்லை, மோட்டார் அறையைப் பார்த்துவிட்டு இறங்கினார். வாக்கியக்காரி அன்று மதியமே அலுவலகத்திலிருந்து வந்து கதவருகே நின்று கைப்பையில் சாவி தேடினாள். அவள் தினமும் தேடுவாள். அந்தப் பையில் என்னதான் வைத்திருக்கிறாளோ, இரண்டு நிமிடம் கலகலவென்று கிளறுவாள், தன்னைத்தானே திட்டிக்கொள்வாள், "இங்கதானடி வெச்ச, கடங்காரி" என்பாள், கடைசியில் சாவி கையிலேயே இருக்கும். ஒன்பது வருடமாக என் சாயங்காலத்துக்கு அதுதான் மணியடிப்பது.

அன்று தேடவில்லை. பைக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவு ஓட்டை வழியாகப் பார்த்தேன். (ஆமாம், பார்த்தேன்.) அழவில்லை. அழுதிருந்தால் நான் டப்பா அடுக்கப் போயிருப்பேன்.

நான் சீட்டை எடுத்து எழுதினேன்.

வாக்கியம்: 'ரெண்டு வருஷம்... அவ பையில சாவி தேடுற சத்தத்துக்கு ஏங்கிப்போயிடுவேன்டா கண்ணு.'
சொன்னவர்: லிஃப்ட்காரர்.
சொன்ன இடம்: லிஃப்ட்.
யாரிடம்: லிஃப்டிடம்.
சாட்சி: நான்.

உண்மையைச் சொன்னால், எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அந்த 'டா கண்ணு' இருக்கிறதே, அதை வைத்தபோது எனக்கே சிலிர்த்தது. அவர் பேச வேண்டியதை அவரைவிட நன்றாகப் பேசிவிட்டேன். கதை எழுதுகிறவர்களுக்கு வருகிற கொழுப்பு இது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும்.

கதவைத் தட்டிக் கொடுத்தேன். அவள் வாசலிலேயே உட்கார்ந்து படித்தாள். மூன்று முறை படித்தாள்.

"அக்கா... 'டா கண்ணு'ன்னா சொன்னாரு?"

"என் காதால கேட்டேன்."

"லிஃப்ட்லயா?"

"பின்ன, அவர் வேற எங்க பேசறாரு?"

அவள் சிரித்தாள். இந்த முகத்தை வர்ணிக்க ஆறு உவமை எழுதி அடித்துவிட்டேன். போதும், சிரித்தாள். பிறகு சீட்டின் அடியில் விரல் வைத்து, "அப்போ இங்க ஒரு கையெழுத்து வாங்கினா முடிஞ்சுது" என்றாள்.

சொன்னவர் ஒப்பம். அந்தக் கடைசிக் கட்டம்.

அந்த வாரத்தில், முத்திரையின் சீட்டைத் தவிர, தேறிய சீட்டுக்கெல்லாம் சாட்சி போட்டவள் நான். டாக்டர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவள் நான். மாமியாரின் கட்டைவிரலைத் துடைத்துவிட்டவளே நான். அப்படியும் அந்தக் கட்டம் என் நினைவில் இல்லாமல் போயிற்று.

8.

அன்று சாயங்காலம் சுவர் வழியாகக் கேட்டது:

"என்னங்க..."

"ம்?"

"ஒண்ணுமில்ல."

சிறிது நேரம் கழித்து:

"என்னங்க..."

"ம்?"

"டீ வேணுமா?"

"ம்."

மாமியார்: "என்ன ரெண்டு பேரும் கொசு மாதிரி ம், ம்முனு? பேசறதுன்னா பேசுங்க, இல்லன்னா என்னத் தூங்க விடுங்க."

சுவரைத் தட்டி உண்மையைச் சொல்லியிருக்கலாம். கையைக்கூடத் தூக்கினேன். அதற்குள்—

(அதற்குள் ஒன்றும் ஆகவில்லை. சொல்லத் துணிச்சல் வரவில்லை. 'அதற்குள்' என்று எழுதினால் ஏதாவது வந்து என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன்.)

சனிக்கிழமை காலை எட்டு நாற்பது. மாமியார் வாசல்வரை வந்து மகன் தலையைத் தொட்டார். "போனதும் போன் பண்ணு. பண்ணிட்டு 'ம்'முனு வெக்காத." நான் குப்பைக்கூடையோடு நடையில் நின்றிருந்தேன். கூடை காலி. லிஃப்ட்காரர் சூட்கேஸோடு உள்ளே போனார். வாக்கியக்காரி கைப்பையோடும், கையில் மடித்த சீட்டோடும் பின்னால் போனாள். வழியனுப்பிவிட்டு அப்படியே அலுவலகம் போவதாக ஏற்பாடு. கதவு மூடும்போது அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், நன்றி சொல்வதுபோல. என் பார்வை காலிக் கூடைக்குள் இறங்கியது. லிஃப்டும் இறங்கியது.

மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

"மாட்டிக்கிட்டாங்க!" என்று கத்தினேன். வாட்ச்மேன் ஓடி வந்தார். லிஃப்ட் கதவில் 'அவசரத்துக்கு அழைக்கவும்' என்று ஒரு எண் எழுதியிருக்கிறது. அவர் அழைத்தார். லிஃப்டுக்குள் மணி அடித்தது.

வாட்ச்மேன் போனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "லைன் போகுதும்மா" என்றார்.

மணி அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

மாமியார் நாற்காலியை நடைக்கே கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். "எதுக்குப் பதட்டப்படறீங்க? ரிப்பேர்க்காரன் உள்ளதான இருக்கான்" என்றார். சொல்லிவிட்டு டீ கேட்டார்.

செயலாளர் வந்தார். குழாய்க்காரர் வந்தார். கூடிப் பேசினார்கள், கலைந்தார்கள். நான் மட்டும் மூன்றாவது மாடிக் கதவில் காதை வைத்தேன். ஆமாம், வைத்தேன். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, டப்பா சாக்கு எதுவும் இல்லாமல், உலோகத்தில் காது பதிய.

லிஃப்டின் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை.

நாற்பது நிமிடம்.

பிறகு லிஃப்ட், தன்பாட்டுக்கு, ஒரு குலுக்கலும் இல்லாமல் கீழே போனது.

9.

நடந்ததில் தெரிந்ததை மறைக்க மாட்டேன். அவர் போனார். ஒன்பதரை பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் போனார். அவள் அலுவலகம் போனாள். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு சீட்டை முத்திரையின் மேசைமேல் வைத்தாள் என்று என் சித்தி மகள் சொன்னாள். அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாராம். எந்த முத்திரை என்று சித்தி மகளுக்குத் தெரியவில்லை, அவர் முதுகு மறைத்துவிட்டது. குடும்பத்தில் அவள் ஒருத்திக்குத்தான் இந்தத் திறமையெல்லாம் இல்லை.

லிஃப்டுக்குள் ஒரு பராமரிப்பு ஏடு தொங்குகிறது. அன்றைய தேதியில் அவர் கையெழுத்து இருக்கிறது: 'நிறுத்தம் 40 நிமிடம். பழுது இல்லை.'

நிறுத்தியது யார்? சிவப்புப் பொத்தானை அழுத்தியது சூட்கேஸ் பிடித்த கையா, சீட்டு பிடித்த கையா? எழுத்தாளர் என்ற முறையில் நான் இங்கே உள்ளே நுழைய வேண்டும். கதவெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா? இரண்டு வரைவு எழுதிப் பார்த்தேன்.

"அவர் சீட்டைப் படித்தார். 'நான் இப்படிச் சொல்லவே இல்ல' என்றார். அவள் கையிலிருந்த—"

"அவர் சீட்டைப் படித்தார். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பேனாவை—"

இரண்டையும் நிறுத்திவிட்டேன். ஏற்கெனவே ஒருமுறை அந்த மனிதர் வாயில் வாக்கியம் வைத்திருக்கிறேன். இன்னொரு முறை வைக்கக் கை கூசுகிறது.

ஒரு வாரம் கழித்து அவளிடம் கேட்டேன்.

"அந்த நாலாவது சீட்டு என்னம்மா ஆச்சு?"

"குடுத்துட்டேன்க்கா."

"எந்த வாக்கியம்?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். கோபமா, கேலியா, இரண்டும் இல்லையா? ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பையில் சாவி தேட ஆரம்பித்துவிட்டாள்.

இப்போதும் தினமும் சாயங்காலம் தேடுகிறாள். முன்பு இரண்டு நிமிடம், இப்போது நான்கு. சாவி வலது கையில் பளிச்சென்று தெரிகிறது, அப்படியும் தேடுகிறாள். இடது கையில் போன், பையின் வாயருகே பிடித்தபடி. "இங்கதானடி வெச்ச, கடங்காரி" என்கிறாள், கொஞ்சம் சத்தமாகவே. எதிர்முனையில் யாரோ "ம்" என்கிறார்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்துகிறது. அவர் கேட்டு இதைச் செய்கிறாளா, நான் எழுதிய பொய்யை நம்பிச் செய்கிறாளா?

10.

அகராதி அச்சாகிவிட்டது. சாட்சிகளுக்கும் வாக்கியம் சொன்னவர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி இலவசம். என்னுடையது இதோ, சமையலறை மேசைமேல், பிரிக்காத கண்ணாடித்தாளோடு. மாமியார் தன் பிரதியை நாற்காலிக் காலுக்கு அண்டை கொடுத்திருக்கிறார்.

'ஏங்கு' உள்ளே இல்லை என்றால், அவர் கையெழுத்துப் போடவில்லை, என் பொய் அந்த லிஃப்டுக்குள்ளேயே அவிழ்ந்துவிட்டது. உள்ளே இருந்து, நான்காவது வாக்கியத்தில் சாவியும் 'டா கண்ணு'வும் இருந்தால், அவர் சொல்லாததைச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். அது மனைவிக்காகவா, நிஜம் என்பதாலா என்று அகராதி சொல்லாது. நான்காவது வாக்கியம் வேறு ஏதாவதாக இருந்தால்... ஸ்க்ரூ, துண்டு, டீ என்று பேசுகிற ஒரு மனிதர், நாற்பது நிமிடம், யாரும் கேட்டு வாங்காமல்...

பத்து நாளாகப் புத்தகத்தைத் துடைத்து வைக்கிறேன், பிரிக்கவில்லை. மற்றவர் வீட்டுக் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கத் தெரிந்தவள், இந்த ஒரு பக்கத்தைத் திருப்பப் பயப்படுகிறேன்.

அதனால் நீங்கள் பிரியுங்கள். 'ஏ' முன்பாதியிலேயே வரும். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று மிக்ஸியைப் போட்டுக்கொள்கிறேன். வெறும் மிக்ஸிதான், சத்தத்துக்கு. நாலாவது வாக்கியத்தைப் படியுங்கள், மூடி வையுங்கள். இந்தக் கதையின் முடிவு உங்களோடு இருக்கட்டும். எனக்குச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் இந்த இரைச்சலில் ஒரு எழுத்தும் காதில் விழாது.

(மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, கொஞ்சம் வாய்விட்டுப் படித்தால் விழலாம்.)